தலைதிருப்பி டொக்டர்

மிருக வைத்தியம் என்பது, வாய் பேசாத நோயாளியை நடுவில் நிறுத்திவிட்டு, வாய் ஓயாத நாலு பேரிடம் நோயைக் கேட்டறிகிற தொழில். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள், அரசாங்கக் கந்தோரில் சனத்துக்குப் பதில் சொல்கிறவர்கள், பஸ் கொண்டக்டர்மார் எல்லாரும் இதை வாசித்துவிட்டு, ‘எங்கடை படுபாட்டைவிடவோ’ என்று சிரிக்கக்கூடும். சிரியுங்கள். ஆனால் உங்களிடம் வருகிறவர் உங்களைக் கொம்பால் முட்டுவதில்லை. உங்கள் சப்பாத்துக்கு மேல் சாணம் போடுவதுமில்லை.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சீவன் தள்ளாடிக்கொண்டு வந்தாலும் முதலில் அதன் தலையை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிக் கண்ணைப் பார்ப்பேன். சுகமாக இருக்கிற மாட்டின் தலையைத் திருப்பினால் கண் உடனே கூடப் போகாது. முன்பு பார்த்த இடத்தையே பிடித்துக்கொண்டு பின்தங்கி நிற்கும். பிறகு ஒரு துள்ளலில் தலையை எட்டிப் பிடிக்கும். இன்னும் திருப்பினால் திரும்பவும் பின்தங்கும், திரும்பவும் துள்ளும். இந்த விளையாட்டை நடத்துவது மூளைத்தண்டில், அதாவது மூளை முள்ளந்தண்டோடு சேருகிற அடிப்பகுதியில் இருக்கிற கொஞ்ச நரம்புக் கலங்கள். உட்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு, தலை திரும்புகிறது என்று அறிவிக்கும். உடனே இந்தக் கலங்கள் கண்ணைச் சுற்றியிருக்கிற தசைகளில் ஒன்றை இழுக்கச் சொல்லும், எதிர்ப்பக்கத்தில் இருப்பதை இளக்கச் சொல்லும்.

என்னோடு வேலை செய்கிற கால்நடை உத்தியோகத்தர் யோகன் மாட்டுவண்டிச் சவாரிக் குடும்பத்தில் பிறந்தவர். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போகும்போது இதையெல்லாம் அவருக்கு விளங்கப்படுத்தினேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு யோகன் சொன்னார்: “ஒரு கயித்தை இழுத்து மற்றதை இளக்கினால்தான் மாடு திரும்பும். இது எங்கடை அப்பாவுக்கும் தெரியும் மிஸ். இதுக்கோ கம்பஸிலை அத்தனை வரியம் இருந்தனியள்?”

இடம் மூன்று, வலம் இரண்டு

உரும்பிராயில் மரவள்ளித் தோட்டம் செய்கிற ஒரு ஐயா தன்னுடைய ஆட்டைக் கொண்டுவந்தார். ஆடு ஒரே பக்கமாக வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு காது தொங்கியிருந்தது, அந்தப் பக்கத்து வாயால் வீணீர் வடிந்தது. நான் முன்னால் குந்தியிருந்து தலையைத் திருப்பினேன். இடப்பக்கம் கண் ஒழுங்காகத் துள்ளியது. வலப்பக்கம் பாதியில் நின்றுவிட்டது. சந்தேகத்துக்கு இன்னொரு தரம், பிறகு இடப்பக்கம் மட்டும் மேலும் ஒரு தரம். மூளைத்தண்டில் கிருமி புகுந்திருக்கிறது என்று விளங்கியது. ஊசி போட்டு, அடுத்தடுத்த நாட்களும் கொண்டுவரச் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால், ஐயா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பியபடி நிற்கிறார். நான் ஆட்டுக்குக் கண்ணூறு கழிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். “குறை நினையாதேங்கோ டொக்டர். இடப்பக்கம் மூண்டு தரம் திருப்பினியள், வலப்பக்கம் ரெண்டுதான். கணக்குப் பிழைச்சால் அது எங்களுக்கெல்லே திரும்பி வரும்?” என்றார். நரம்பு, கிருமி என்று ஐந்து நிமிடம் விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார், ஆனால் ஆட்டை அவிழ்க்கவில்லை. கடைசியில் நானே தோற்றுப்போய், வலப்பக்கம் இன்னொரு தரம் திருப்பிவிட்டேன். ஐயா ஆட்டைக் கூர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: “இப்பதான் உதின்ரை முகத்திலை ஒரு தெளிவு வந்திருக்கு.”

ஆடு பிழைத்துக்கொண்டது. எனக்குத் ‘தலைதிருப்பி டொக்டர்’ என்று ஊரில் பட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு கைதான்

பட்டிப்பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் காலையில் பூமணி அக்காவிடமிருந்து ரெலிபோன். பூமணி அக்கா ஐம்பது தாண்டியவர், தனியாக இருக்கிறவர். பக்கத்து வளவில் அவருடைய தம்பி குடும்பம். அக்காவிடம் இருப்பது ஒரே ஒரு மாடு, செல்லி என்று பெயர். பிறந்த மூன்றாம் நாளே தாயை இழந்த கன்று. சூப்பிப் போத்தலில் பால் கரைத்துக் கொடுத்து அக்காதான் அதை நாகாக, ஒரு இளம் பசுவாக, வளர்த்தெடுத்தார். இப்போது முதல் தடவையாகச் சினைப்பட்டு ஐந்து மாதம். “பிள்ளை, செல்லி மதிலிலை தலையை முட்டிக்கொண்டு நிக்கிறாள். கூப்பிட்டால் திரும்பிறாளில்லை,” என்றார். அவருடைய குரலே சரியில்லை.

போய்ப் பார்த்தேன். சாதாரணமாக மாட்டின் கருவிழித் துவாரம் நிலத்தோடு மட்டமாகக் கிடையாக இருக்கும். செல்லியின் இரண்டு கண்ணும் மூக்குப் பக்கமாக மேலே சொருகி, அந்தத் துவாரம் சரிந்து கிடந்தது. கண்ணை அதன் சரியான இடத்தில் பிடித்து வைத்திருக்கிற நரம்புகள் களைத்துவிட்டன. தலையைத் திருப்பினால் கண் தாறுமாறாக ஓடியது. முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோனேன், இமைக்கவேயில்லை.

“பொங்கல் எவ்வளவு குடுத்தனீங்கள்?” என்று கேட்டேன். “ஒரு கைதான் பிள்ளை,” என்றார் அக்கா. அது உண்மைதான். ஆனால் அந்த ஒழுங்கை வீடுகள் எல்லாவற்றுக்கும் இப்போது இருப்பது ஒரேயொரு மாடு. பட்டிப்பொங்கலன்று மாட்டுக்குப் படைக்காமல் விடலாமா? வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரையும் விசாரித்தேன். எல்லாரும் ஒரு கைதான். யோகன் விரல்விட்டு எண்ணினார். பதினொரு வீடு. சர்க்கரை, பயறு, கஜு, முந்திரிகை வத்தல் எல்லாம் போட்டுப் பொங்கின பொங்கல், வாழையிலையோடு சேர்த்து.

அவ்வளவு சோறு ஒரேயடியாக வயிற்றுக்குள் போனால் அது புளித்து, நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மாட்டுக்கு வேண்டிய ‘பி வன்’ விற்றமின் அங்கேதான் உண்டாகிறது. அது இல்லாமல் மூளை பட்டினி கிடக்கும். நான் இதைக் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். கடைசி வீட்டு அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்: “நாங்கள் கடைசியாத்தான் குடுத்தனாங்கள் டொக்டர். பத்து வீட்டையும் சாப்பிட்டிட்டு எங்கடையை மட்டும் விட்டால் எங்கடை மனம் என்ன பாடுபடும்?”

ஜிம்மியும் மதிலும்

செல்லிக்கு விற்றமின் ஊசியும், வயிற்றுப் புளிப்புக்கு அப்பச்சோடாக் கரைசலும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அதை யோகன் பொறுப்பெடுத்தார். பூமணி அக்காவுக்கும் சும்மா இருக்க முடியவில்லை. தலையை எப்படித் திருப்புவது, கண்ணில் எதைப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்துவிட்டு, மாற்றம் தெரிந்தால் ரெலிபோன் எடுங்கோ என்று சொல்லி வந்தேன்.

அடுத்த நாள் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் வீடு. அவருடைய கிழட்டு நாய் ஜிம்மி காலையில் எழும்பும்போதே ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்திருக்கிறது. தலை கோணி, கண் இரண்டும் இடமும் வலமுமாக ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வாத்தியாருக்குச் சந்தேகமேயில்லை: பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் நஞ்சு வைத்துவிட்டார். ஜிம்மி இரவில் குலைப்பது பற்றி அவர் முன்பு முறைப்பட்டது உண்டு. நான் போவதற்கு முன்னமே வாத்தியார் மதிலடியில் நின்று, வாய்க்கு வந்தபடி பேசி முடித்திருந்தார்.

சோதித்துப் பார்த்தேன். நஞ்சில்லை. வயதான நாய்களுக்கு ஒரு பக்கத்து உட்காது திடீரென்று பொய் சொல்லத் தொடங்கும். தலை அசையாமல் இருக்கும்போதே ‘திரும்புது, திரும்புது’ என்று மூளைத்தண்டுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். அங்கே இருக்கிற கலங்கள் பாவம், அதை நம்பிக் கண்ணை இழுத்துக்கொண்டேயிருக்கும். ஏழெட்டு நாளில், ஒரு கிழமைக்குள், பெரும்பாலும் தானாகவே சரிவரும், கோணல் மட்டும் கொஞ்சம் மிஞ்சலாம். இதைச் சொன்னதும் வாத்தியாரின் முகத்தில் முதலில் சந்தோசம் வந்தது. பிறகு மதிலைப் பார்த்தார். அங்கேயே பார்த்தபடி கேட்டார்: “ஜிம்மி ஒரு கிழமையிலை நடந்திடுவான். நான் அந்த வீட்டுப் படலை வாசலுக்கு எப்பிடி நடக்கிறது டொக்டர்?”

பெட்டிக்குள் கோழி

அதற்கடுத்த நாள் காலை, கனடாவில் இருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அண்ணை, கொடிகாமம் சந்தையில் மூன்று ஊர்க்கோழி வாங்கிக்கொண்டு நேரே எங்கள் கந்தோருக்கு வந்தார். மூன்றுக்கும் நரம்பு வருத்தமாம். நடக்கும்போது தலை வெட்டி வெட்டி முன்னுக்குப் போகிறதாம். போனில் படம்கூடப் பிடித்து வைத்திருந்தார். நான் ஒரு கோழியைத் தூக்கி, உடம்பை மட்டும் மேலே கீழே, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைத்துக் காட்டினேன். உடம்பு எங்கே போனாலும் தலை காற்றில் ஆணி அடித்ததுபோல் நின்றது. கோழியின் கண் குழிக்குள் அதிகம் அசையாது, ஆகவே நாங்கள் கண்ணால் செய்கிற வேலையில் பாதியை அது கழுத்தால் செய்கிறது, இதில் வருத்தம் ஒன்றுமில்லை என்றேன். அண்ணைக்கு நம்பிக்கை வரவில்லை. “அப்ப மூண்டும் நோர்மலோ?” என்று மூன்று தரம் கேட்டார்.

வாசலில் நின்ற அவருடைய மனைவி தாங்க முடியாமல் சொன்னார்: “டொக்டர், இவர் இருவத்தைஞ்சு வரியமாக் கோழியைக் கண்டது கடைப் பெட்டிக்குள்ளை. அதுக்குத் தலை இருக்கெண்டதையே மறந்துபோனார்.”

அவசரப்பட்ட வாய்

அந்தக் கோழிக்காரர் படி இறங்கும்போதுதான் பூமணி அக்காவின் ரெலிபோன் வந்தது. “பிள்ளை! கண் ஓடுது! திருப்பத் திருப்பத் துள்ளிப் பிடிக்குது! நீங்கள் காட்டின மாதிரியே!” பின்னால் ஒழுங்கைச் சனம் முழுக்கச் சத்தம் போடுவது கேட்டது. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. “அப்ப தப்பிச்சிட்டாள் அக்கா, இனிப் பயமில்லை,” என்று சொல்லிவிட்டேன். இருபது வருடத் தொழிலில் ஒரு நோயாளியை நேரில் பார்க்காமல் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் போனேன். செல்லி மதிலைவிட்டு விலகி நின்றாள். புல்லுத் தின்றாள். தலையைத் திருப்பினேன், இரண்டு கண்ணும் நல்ல அச்சாவாகத் துள்ளிப் பிடித்தன. சொருகல் போய், கருவிழித் துவாரம் மட்டமாக வந்திருந்தது. பிறகு கையை முகத்துக்கு நேரே கொண்டுபோனேன்.

இமைக்கவில்லை.

இன்னொரு தரம். மற்றக் கண். பிறகு ஒரு பஞ்சுத் துண்டைக் கண்ணுக்கு முன்னால் விழவிட்டேன், கண் அதன் பின்னால் போகவில்லை. மூளைத்தண்டு எழும்பிவிட்டது, கண்ணை இழுக்கிற கயிறுகள் எல்லாம் வேலை செய்கின்றன. ஆனால் பார்க்கிற வேலை அந்தக் கலங்களுடையது அல்ல. அது மூளையின் மேல்பகுதியில், பின்பக்கம் நடப்பது. அந்தப் பகுதி இன்னும் எழும்பவில்லை. சில மாடுகளுக்குக் கொஞ்ச நாளில் வரும், சிலவற்றுக்கு வராது. செல்லியின் கண் வடிவாக ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இதை நான் அக்காவுக்குக் காட்டிக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கவேண்டும்.

இப்போதுதான் சொன்னேன். அக்காவின் தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், “குருட்டு மாட்டை வைச்சு என்ன செய்யிறது அக்கா? கண்டுக்குட்டி பிறந்தாலும் மிதிச்சுப்போடும். ஒரு ஆள் வந்து பாக்கிறன் எண்டவர்,” என்றார். அந்த ஆள் மாட்டை எங்கே கொண்டுபோவார் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அக்கா என்னைத்தான் பார்த்தார். “கண் தெரியாத மாடு கண்டு போட்டு வளக்குமோ?” இந்தத் தடவை நான் வாயை அவசரப்படுத்தவில்லை. வளர்க்கிற மாடுகளைக் கண்டிருக்கிறேன், வளர்க்காததையும் கண்டிருக்கிறேன், செல்லி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது என்றேன். காலையில் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் செல்லியின் கழுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சொன்னார்: “கண் ஓடுதெண்டு சொன்னது நானெல்லே பிள்ளை, நீங்கள் ஏன் குனிஞ்சுகொண்டு நிக்கிறியள்? கண்டு பிறக்கட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் என்ரை படலையைத் திறக்கப்படாது.”

வாளிக்கும் இடம் உண்டு

அதன்பிறகு மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்த்தேன். பார்வை வரவில்லை. நான் சொன்னது ஒன்றுதான்: எதையும் இடம் மாற்றாதேங்கோ. தண்ணி வாளி வைத்த இடத்திலேயே இருக்கவேண்டும், கொட்டில் வாசலில் ஒன்றும் சாத்தக்கூடாது, வருகிறவர் குரல் கொடுத்துக்கொண்டு வரவேண்டும். அக்கா நான் சொன்னதுக்கு மேலாலும் செய்தார். வாளியைச் சுற்றி நிலத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். ஒழுங்கைச் சனத்துக்குச் சோற்றுக் கையோடு உள்ளே வரத் தடை. அவர்களும் பிராயச்சித்தமாக முறைவைத்துப் புல்லுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். படலைக்கு வெளியே நின்றே, “செல்லி, நான் வாறன்!” என்று கூப்பிடுவார்கள். வெளியூரில் இருந்து வந்த யாராவது அதைக் கேட்டால், அங்கே செல்லி என்று ஒரு பொல்லாத மாமியார் இருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

ஒருநாள் தம்பியார் மறதியில் மோட்டார் சைக்கிளைக் கொட்டில் பாதையில் நிறுத்திவிட்டார். செல்லி போய் மோதிக்கொண்டாள். அக்கா அவரைப் பேசின பேச்சு நான் வரும்வரைக்கும் ஓயவில்லை. தம்பியார் என்னைக் கண்டதும் முறைப்பட்டார். ஆனால் முறைப்படும்போதே, ஒரு கையால் செல்லியின் நெற்றியில் அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டுதான் இருந்தார்: “பாருங்கோ டொக்டர், என்ரை அக்கா வீட்டு முத்தத்திலை நான் எங்கை நிக்கிறதெண்டு இனி இவளிட்டைத்தான் கேக்கவேண்டிக் கிடக்கு.”

வைகாசி மாதத்துக் காலை

வைகாசியில் ஒரு காலை, செல்லிக்குக் கன்று போடுகிற நோக் கண்டுவிட்டது என்று தம்பியார்தான் ரெலிபோன் எடுத்தார். அக்கா செல்லியை விட்டு அசையமாட்டாராம். நானும் யோகனும் போனபோது கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன. பெரிய சிரமமில்லை. யோகன் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தார். கன்று வைக்கோலுக்கு மேல் விழுந்தது. தம்பியார் சாக்கோடு பாய்ந்து துடைக்கப் போக, அவளே தேடட்டும் என்று அக்கா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

எல்லாருக்கும் பயம் ஒன்றுதான். செல்லி திரும்பினால் அவளுடைய கால் கன்றின் மேல் படும். இனி அவள் இந்தக் கொட்டிலில் இருப்பதா, இல்லாவிட்டால் அந்த ஆள் வருவதா என்பது இந்த ஒரு அடியில் இருக்கிறது. செல்லி அசையாமல் நின்றாள். காது இரண்டும் பின்னுக்கு வந்தன. தலையைத் தாழ்த்தி மூக்கால் நிலத்தைத் தேடினாள். இடப்பக்கம் போனது, அங்கே இல்லை. வலப்பக்கம் வந்தது. கன்று ஒரு சின்னச் சத்தம் போட்டது. செல்லி முன்னங்காலைத் தூக்கினாள், தூக்கியபடியே கொஞ்சம் யோசித்தாள், கன்றுக்கு இந்தப் பக்கமாக மெல்ல வைத்தாள். அடுத்த காலும் அப்படியே. பிறகு மூக்கு கன்றின் முதுகில் பட்டது. வால்நுனியில் இருந்து மூக்குநுனி வரைக்கும் நக்கத் தொடங்கினாள், ஒரு இடமும் விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யோகன் காரணமில்லாமல் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார்.

கன்று எழும்பி, விழுந்து, திரும்பவும் எழும்பி நின்றது. நாகுக் கன்று, பெண். என்னுடைய பழக்கம் விடுமா? குந்தியிருந்து அதன் தலையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினேன். கண் பின்தங்கி நின்றது, பிறகு துள்ளிப் பிடித்தது. வலப்பக்கமும் அப்படியே. முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், இமைக்கவில்லை. புதிதாகப் பிறந்த கன்று அதைப் பழகச் சில நாள் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை, இன்னொரு தரம் திருப்பலாம் என்று கையை வைத்தேன். பூமணி அக்கா வந்து என்னுடைய கையை மெல்ல எடுத்துவிட்டுச் சொன்னார்: “போதும் பிள்ளை, விடுங்கோ. தாய் மோந்து பாத்திட்டாள். பிள்ளை சுகமாம்.”

மற்றவர்களின் கண்ணைப் பார்த்தே இத்தனை வருடம் சம்பளம் வாங்கின நான், அன்றைக்குக் கண் தெரியாத ஒரு டொக்டரின் முடிவை எந்தக் கேள்வியும் கேட்காமல் அப்படியே றிப்போட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.